பழைய கார் பவர் ஸ்டியரிங்: பம்ப்பை மாற்றுவதற்கு முன்

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஊளைச் சத்தம் வந்தால் உடனே கிடைக்கும் தீர்ப்பு, "பம்ப் போச்சு". பல வருட ஓட்டத்துக்குப் பிறகு எங்கள் கணக்கு வேறு. பம்ப் பெரும்பாலும் அடிவாங்கிய ஆள்தான். அடித்தது அதற்கு முன்னால் இருக்கும் ஒரு சின்ன ஓ-ரிங்காகவோ (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்), ஆயில் டப்பாவின் அடியில் அடைத்துப்போன வலையாகவோ இருக்கும். இங்கே சொல்வதெல்லாம் எஞ்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளி ஸ்டியரிங்கை லேசாக்கும் ஹைட்ராலிக் வகைக்கு. முழு எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் மாற்றுவதற்கு ஆயிலே கிடையாது.

ஆயிலில் இருந்து தொடங்கலாம். பல கார்கள் சிவப்பு நிற டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும். ஹோண்டா தனக்கென்று தனி ஃப்ளூயிட் வைத்திருக்கிறது. ஐரோப்பியக் கார்கள் சிலவற்றுக்குப் பச்சை நிற பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ். டப்பா மூடியிலோ மேனுவலிலோ எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். "எல்லாம் ஆயில்தானே" என்று கலந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்து சீல்கள் கசியும்போது தெரியும். பக்கத்திலேயே ப்ரேக் ஆயில் டப்பா இருப்பதால் மாற்றி ஊற்றும் விபத்தும் நடக்கிறது. ப்ரேக் ஆயில் இந்த சீல்களின் ரப்பரை ஊதிப்போகச் செய்துவிடும். தவறி ஊற்றினால் எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் முதலில் டப்பாவைக் காலி செய்யுங்கள்.

சிவப்பு ஆயிலின் நிலையைப் பார்க்க வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு போதும். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. காபி நிறம் என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கருப்பாக, விரலில் மை மாதிரி ஒட்டினால் ஹோஸின் உள்ரப்பர் கரைகிறது. வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு தெரிந்தால் அது உலோகத்தூள். பம்ப் உண்மையிலேயே தேய்கிறது.

மாற்றுவதில் சுலபமான வழி சிரிஞ்ச். டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் புதிதை ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்வது. மொத்தக் கொள்ளளவு 1 லிட்டர், ஒரு தடவைக்கு வருவது 300 மில்லி என்று வைத்தால், மூன்று தடவைக்குப் பிறகும் பழைய ஆயில் 34 சதவீதம் உள்ளேயே இருக்கும். ஐந்து தடவை செய்தால் 17 சதவீதம். காபி நிறத்துக்கு இது போதும், கருப்பு ஆயிலுக்குப் போதாது.

முழுசாக மாற்ற 2 லிட்டர் ஆயிலும் கூட ஒரு ஆளும் வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்ப வேண்டாம். ரிட்டர்ன் ஹோஸ் என்பது சாதா க்ளாம்ப் போட்ட மெல்லிய ஹோஸ். உலோகக் குழாயோடு அழுத்திப் பிடித்திருப்பது ஹை பிரஷர், அதைத் தொடாதீர்கள். ரிட்டர்னை டப்பாவிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் காலி முனையை ரப்பர் மூடியால் அடைத்து, புது ஆயிலை நிரப்புங்கள். எஞ்ஜின் ஆஃபில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை மெதுவாகத் திருப்பினால் ரேக்கில் (ஸ்டியரிங்கின் சுற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) இருப்பது வெளியே வரும். பிறகு எஞ்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு 3, 4 நொடி மட்டும் செல்ஃப் அடித்து, டப்பாவை நிரப்பி, மறுபடி அடியுங்கள். எஞ்ஜினையே ஓடவிட்டு இந்த வேலையைச் செய்வோரும் உண்டு. ஐடிலில்கூட டப்பா சில நொடியில் காலியாகிவிடும், பம்ப் வறண்டு சுற்றும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

ஹோஸை மாட்டிய பிறகு காற்று எடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சக்கரம் தூக்கியபடியே, எஞ்ஜின் ஆஃபில், 20 தடவை கடைசி முதல் கடைசி வரை மெதுவாகத் திருப்பி, குறைவதை ஊற்றிக்கொண்டே வர வேண்டும். அப்புறம்தான் ஸ்டார்ட். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். தெளிந்தால் அது காற்று. தெளியாவிட்டால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிய நிலையில் (ஃபுல் லாக்) 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அங்கே பிரஷர் உச்சத்துக்குப் போய், அதிகப் பிரஷரைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வ் வழியாகவே ஆயில் சுற்றிச்சுற்றிக் கொதிக்கும்.

இனி அந்த ஓ-ரிங். டப்பாவிலிருந்து பம்ப்புக்குள் ஆயில் நுழையும் இடத்தில் இருப்பது, பழைய ஹோண்டாக்களில் பேர்போனது. வருடக்கணக்கில் எஞ்ஜின் சூட்டில் வெந்து, வட்டமாக இருந்த ரப்பர் சப்பையாகி, நகத்தால் அழுத்தினால் குழியே விழாத அளவுக்கு இறுகிவிடும். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் எஞ்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் பம்ப் ஊளையிடுவதற்குக் காரணம் இதுதான். ஐடிலில் டப்பா மூடியைத் திறந்தால் பொடிப்பொடியாக நுரை தெரியும். அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டி கிரீஸைத் தடவிப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் ஆள் அகப்பட்டான். புது ஓ-ரிங்கைப் பழையதன் அளவு பார்த்து வாங்காதீர்கள், அது ஏற்கெனவே சப்பையாகிவிட்டது. பார்ட் நம்பர் சொல்லி வாங்கி, அதே ஸ்டியரிங் ஆயிலில் நனைத்துப் போடுங்கள்.

ஓ-ரிங் மாற்றியும் சத்தம் இருந்தால் டப்பாவைக் கழற்றி அடியில் இருக்கும் வலையைப் பாருங்கள். பலவற்றில் வலையைத் தனியாக எடுக்க முடியாது. க்ளீனர் அடித்துத் தலைகீழாகக் கழுவலாம், ஆனால் டப்பாவையே மாற்றுவது மேல்.

கீச்சென்று கத்தினால் அது பெல்ட். ஓடும் பெல்ட்டில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சத்தம் மாறுகிறதா பாருங்கள். கசிவு தேடும்போது ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை (பூட்) பிசைந்து பார்ப்பது முக்கியம். ரேக் சீல் போனால் ஆயில் முதலில் அதற்குள்தான் தேங்கும், தரையில் தெரியாது. பூட் கிழிந்தால் அன்றே மாற்றுங்கள். தண்ணீர் புகுந்து ரேக் கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு சீலை அரம் போல அறுக்கும். லீக் நிறுத்தும் திரவங்கள் சீலை ஊதவைத்துக் கொஞ்ச நாள் ஓட்டித்தரும், அவ்வளவுதான்.

ஸ்டியரிங் டைட்டாக இருப்பதெல்லாம் ஹைட்ராலிக் கோளாறும் அல்ல. டயரில் காற்று சரியாக இருந்தால், சக்கரத்தைத் தூக்கி, எஞ்ஜின் ஆஃபில் திருப்பிப் பாருங்கள். ஓரிரு இடத்தில் மட்டும் பிடித்தால் ஸ்டியரிங் ராடின் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கலாம், அல்லது ஸ்ட்ரட்டின் (முன் சக்கர சஸ்பென்ஷன் தூண்) மேல்பக்க பேரிங் போயிருக்கலாம். ஐடிலில் மட்டும் கனத்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் லேசானால் பெல்ட் நழுவுகிறது, இல்லையென்றால் பம்ப்பின் பலம் குறைந்துவிட்டது.

பம்ப்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அழுக்கு ஆயிலை முழுக்க வெளியேற்றிய பிறகே புதியதை மாட்டுங்கள். பெல்ட் போடுவதற்கு முன் உள்ளே ஆயில் ஊற்றி, புல்லியைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். ஹை பிரஷர் ஹோஸின் போல்ட்டுக்குக் காப்பர் வாஷர் இருந்தால் புதிதாகவே போட வேண்டும். முதல் ஒரு வாரம் காலையில் எஞ்ஜின் சூடேறும் முன் அளவு பாருங்கள். டப்பாவில் கோல்ட், ஹாட் என்று இரண்டு கோடு இருந்தால் அப்போது பார்க்க வேண்டியது கோல்ட் கோடு.