ஜாப், ரிஸ்லா, ஸிக்-ஸாக்: சிகரெட் சுற்றும் தாளில் யார் கெட்டிக்காரர்?

புகை உடம்புக்குக் கேடு, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. நான் ஒப்பிட வந்தது தாளை மட்டும்தான். மூன்றும் பிரான்சில் பிறந்தவை.

முதலில் ஜாப். பெர்பிஞான் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த ழான் பார்தூ, 1838இல் அளவாக வெட்டிய மெல்லிய தாள்களைச் சிறு புத்தகமாகக் கட்டி விற்றார். மேலே தன் பெயரின் ஜே, பி எழுத்துகளை அச்சிட்டு நடுவே ஒரு வைரக் குறி வைத்தார். வாங்கியவர்கள் குறியை ‘ஓ’ என்று படித்து ‘ஜாப்’ என்றார்கள். 1849இல் அந்தப் பெயரிலேயே காப்புரிமையும் வாங்கிவிட்டார். விளம்பரத்திலும் ஜாப்தான் முன்னே: 1896இல் அல்ஃபோன்ஸ் மூகா வரைந்த சுவரொட்டியை இன்றும் கலை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

ரிஸ்லாவின் பெயரிலேயே கதை இருக்கிறது. பிரெஞ்சில் ‘ரி’ என்றால் அரிசி, ‘லா க்ருவா’ என்றால் சிலுவை. தயாரித்த லாக்ருவா குடும்பத்தின் பெயரும் அதுவே. அதனால்தான் அட்டையில் ரிஸ்லாவுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி. ‘அரிசித் தாள்’ என்ற பேச்சு நிலைத்துவிட்டாலும், இன்று பெரும்பாலும் மரக்கூழ், ஆளி நார், சணப்பு போன்ற ஹெம்ப் நார்தான்.

செய்முறையில் மூவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நாம் அச்சடிக்கும் ஏ4 தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம். இது 12 முதல் 25 கிராம்தான். அவ்வளவு மெல்லியது கிழியாமல் இருக்க, நாரைத் தண்ணீரில் நன்றாக அடித்துப் பிசிறு கிளப்புகிறார்கள். அந்தப் பிசிறுகள்தான் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கூழோடு கால்சியம் கார்பனேட் சேர்த்தால் தாள் வெளுக்கும், சீராகவும் எரியும்.

ஆனால் என்னை மயக்கியது ஸிக்-ஸாக். ப்ரான்ஸ்டைன் சகோதரர்கள் 1879இல் தொடங்கிய நிறுவனம். அதன் அட்டையில் இருக்கும் தாடிக்காரச் சிப்பாய், போர்க்களத்தில் புகைக்கும் குழாய் உடைந்ததும் வெடிமருந்துத் தாளில் புகையிலையைச் சுற்றினான் என்பது அவர்கள் சொல்லும் கதை. எனக்குக் கதையை விட 1894இல் வந்த மடிப்பே பெரிது. தாள்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து அடுக்கினார்கள். ஒன்றை உருவினால் அடுத்ததன் ஓரம் தானாக வெளியே வரும். டிஷ்யூ பெட்டியில் நாம் தினமும் பார்ப்பதும் இதே உத்திதான். ஈரக்கையோடு ஒரே ஒரு தாளை எடுக்கப் பார்த்தவருக்கு இதன் அருமை புரியும்.

ஓரப் பிசின் மட்டும் ரிஸ்லா பக்கம். 1942இல் அது தன் தாளுக்குப் பிசின் ஓரம் கொடுத்தது. நாக்கால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். பிசினுக்குப் பெயர்போன நாடு சூடான், அதைத் தரும் மரமோ நம் கருவேலத்துக்கு உறவுக்காரன்.