1.4 மிமீ நாசில் கிராவிட்டி ஸ்ப்ரே கன்: கதவு, கேட் அடிக்கத் தேறுமா?

மதுரைப் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரகம். மேலே 600 மில்லி கப். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்), பியூ (பாலியூரிதேன்) டாப்கோட்டுக்கு, அதாவது மேல்பூச்சுக்குச் சரி. கெட்டியான பிரைமருக்கு 1.8 நாசில் வேண்டும்.

செட்டிங் எளிது. டிரிகரை அழுத்திக்கொண்டே காற்றை 30 பிஎஸ்ஐக்கு வையுங்கள். டிரிகரை விட்டிருக்கும்போது காட்டும் அளவை நம்பாதீர்கள், அழுத்தினால் இறங்கிவிடும். ஃபேன் திருகை (தெளிப்பின் அகலம்) முழுதாகத் திறந்து, ஊசித் திருகை (பெயின்ட் அளவு) மூடிய நிலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அட்டையில் அடித்துப் பாருங்கள். தூரம் 6–8 அங்குலம். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

ஒருபக்கம் கனமாக விழுகிறதா? ஏர் கேப்பை (நாசிலைச் சுற்றியுள்ள முன்மூடி) பாதிச் சுற்று திருப்புங்கள். கனமும் பக்கம் மாறினால் அழுக்கு கேப்பில், மாறாவிட்டால் நாசிலில். விட்டுவிட்டுத் துப்பினால் முதலில் கப் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். கம்பியால் மட்டும் குத்தவே கூடாது.

சித்திரை வெயிலில் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகும். மெதுவாகக் காயும் தின்னர் கேளுங்கள். ஐப்பசி ஈரத்தில் என்சி வெளுக்கும், அதற்கு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்).

குறை வாஷர்தான். கன்னை அப்படியே தின்னரில் ஊறப்போட்டால் உப்பிக் கசியும். 1 ஹெச்பி கம்ப்ரசரில் கேட் அடிக்க நினைத்தால் நடுவில் காற்று தளர்ந்துவிடும், 2 ஹெச்பியாவது வேண்டும்.