இரண்டு அங்குல லிஃப்ட்டும் தொலைந்துபோன மூன்று டிகிரியும்

போன வாரம் என் ஃபோர்-வீல் டிரைவ் வண்டியின் முன் ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியவை மாட்டினேன். கையில் கிரீஸ் போவதற்குள் நண்பர் ஒருவரின் போன்: "உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியை ரெண்டு அங்குலம் தூக்கலாம்னு இருக்கேன். உங்களுது எப்படி ஓடுது?" கேட்டாரே ஒரு கேள்வி.

தூக்கி மூன்றரை வருடம், சுமார் 55,000 கிலோமீட்டர் ஆகிறது. ஸ்பிரிங், ஷாக் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் புலம்பல் முழுக்கக் காஸ்டர் பற்றித்தான், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு.

தூக்கிய அன்று ஒரே குஷி. முன்பு அடியில் இடித்த பாறைகளை எல்லாம் தேடிப்போய் ஏறி இறங்கினேன். மறுநாள் நெடுஞ்சாலை. ஒரு திருப்பம் முடிந்து ஸ்டியரிங்கை லேசாக விட்டால் அது தானாக நடுவுக்கு வர வேண்டும், இல்லையா? வரவில்லை. திருப்பின இடத்திலேயே நின்றது. நான்தான் கையால் இழுத்துக் கொண்டுவந்தேன். 80-ஐத் தாண்டினால் வண்டி சாலையை மோப்பம் பிடித்துக்கொண்டு போவதுபோல் அங்கும் இங்கும் அலைந்தது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. டயர் காற்று, பேலன்சிங், ஸ்டியரிங் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். லிஃப்ட் கிட் மாட்டியவர், "புது ஸ்பிரிங் சார், செட் ஆயிடும்" என்றார். ஸ்பிரிங் செட் ஆனது. வண்டி ஆகவில்லை.

காரணம் எளிமையானது, அதனால்தான் கோபம் அதிகம். சைக்கிளில் ஹேண்டில் தண்டு பின்னால் சாய்ந்திருக்கிறதே, அதே சாய்வுதான் காஸ்டர். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அதன் மேல்முனை பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. அந்தச் சாய்வுதான் ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுக்கிறது. ரேடியஸ் ஆர்ம் வண்டியில் ஆர்மின் முன்முனை இரண்டு புஷ்களால், அதாவது நடுவில் துளையுள்ள ரப்பர் உருளைகளால், ஆக்சிலைக் கவ்விப் பிடித்திருக்கும், பின்முனை சேசிஸில் ஒரே புஷ்ஷில் தொங்கும். வண்டியைத் தூக்கினால் ஆர்ம் முன்பக்கம் சரியும். கவ்விப் பிடித்த ஆக்சிலும் கூடவே உருளும், சாய்வு போய்விடும். ஆர்ம் 80 செ.மீ. நீளம், தூக்கியது 5 செ.மீ. என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றரை டிகிரி காலி. லேண்ட் குரூஸர் 80, பழைய பேட்ரோல், பழைய டிஃபெண்டர், ஜிம்னி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மேலே ஒன்று கீழே ஒன்று என்று தனித்தனி ஆர்ம் உள்ள ராங்லர்காரர்கள், நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் போட்டுச் சரிசெய்துகொள்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

தூக்குவதற்கு முன் என் வண்டியில் 3.4 டிகிரி. பின்பு அலைன்மென்ட் தாளில் வந்தது 0.1. அலைன்மென்ட் பார்த்தவர் டோவை (இரண்டு முன்சக்கரமும் உள்ளே, வெளியே பார்க்கும் கோணம்) மட்டும் சரிசெய்துவிட்டு, "இந்த ஆக்சில்ல காஸ்டர் திருப்ப எதுவும் இல்லை சார்" என்றார். அவர் சொன்னது சரி. கிட் விற்றவர்தான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் ஆஃப்செட் புஷ் வாங்கினேன், இரண்டு டிகிரி திருத்தம். பிரஸ்ஸில் ஏற்றியவர் நான்கையும் தலைகீழாக ஏற்றிவிட்டார். இருந்த 0.1 போய் மைனஸ் 1.9 ஆனது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் அதுவே இன்னும் திரும்பப் பார்த்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். திரும்பக் கழற்றி, குறியைப் பார்த்து ஏற்றியதும் 2.1. அன்று ஸ்டியரிங் முதல்முறையாகத் தானாகத் திரும்பி வந்தபோது, சத்தியமாக, நடுரோட்டில் சிரித்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. பாலியூரித்தேன் புஷ் வேகத்தடைக்கு வேகத்தடை கிறீச்சிட்டது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் முறுக்க வேண்டும், அந்த விறைப்பான புஷ் முறுக்க விடாது. அப்புறம் தேய்ந்து உள்ளே இருந்த குழாய் ஆட ஆரம்பித்தது. ரப்பரில் வந்த ஆஃப்செட் புஷ் போட்டேன். சத்தம் இல்லை, ஆனால் ஒரு பக்கம் ரப்பர் மெலிந்துதானே இருக்கும், அங்கேயே கிழிந்தது. சேசிஸ் பக்கத்தில் பிராக்கெட் போட்டு ஆர்மின் பின்முனையை இறக்கலாம் என்றார்கள். எதற்காக வண்டியைத் தூக்கினோமோ அந்த இடத்திலேயே ஒரு இரும்பைத் தொங்கவிடச் சொல்கிறார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில்தான் போன வாரம் போட்ட திருத்திய ஆர்ம். ஆக்சிலைக் கவ்வும் இடத்திலேயே கோணத்தை மாற்றி வார்த்திருக்கிறார்கள், புஷ் சாதாரண ரப்பர்தான். இப்போது 3.6. நூறில் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு போகலாம். இதை முதல் நாளே போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஒன்றே ஒன்று. காஸ்டரைக் கூட்ட ஆக்சிலைப் பின்னால் உருட்டும்போது, ஆக்சிலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பினியன் மூக்கு கீழே குனிகிறது. அந்த மூக்கைச் சுற்றவைக்கும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட் கோணம் கூடிவிட்டது. டூ-வீல் டிரைவில் முன்சக்கர ஹப்பின் பூட்டைத் திறந்துவிட்டால் ஷாஃப்ட் சுற்றாது, ஒன்றும் தெரியாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-ஹையில் அறுபதைத் தொட்டால் வண்டித் தரையிலிருந்து ஒரு ரீங்காரம். காஸ்டர் ஒரு பக்கம், பினியன் ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டுமானால் ஆக்சில் முனையில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை வெட்டித் திருப்பி வெல்டு செய்ய வேண்டும், அது என்னால் ஆகாது. எல்லா நேரமும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டிக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். "அப்போ இப்ப நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

"அருமையா ஓடுது. நீங்க தூக்காதீங்க."

"என்னங்க இது?"

"இல்ல, தூக்கியே தீருவேன்னா ஆர்மையும் சேர்த்து வாங்குங்க. அதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற வண்டிக்கு ஒரு அலைன்மென்ட் தாள் எடுத்து வெச்சுக்குங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஸ்பிரிங்கை நேத்தே மாட்டிட்டேன். ஸ்டியரிங் ஒரு மாதிரி இருக்கு, அதான் கூப்பிட்டேன்."