சென்னை பெரியமேட்டில் என்.சி.சி. பூட்ஸ்: நாலாம் நம்பர் காலுக்கும் கிடைக்கிறது

என்.சி.சி.யில் இருக்கும் பெண்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். கால் அளவு நாலு, அதற்கும் கீழே என்று இருப்பவர்களுக்குத்தான் தெரியும், சரியான டி.எம்.எஸ். பூட்ஸ் (ரப்பர் அடி வைத்த பரேடு பூட்ஸ்) கிடைப்பது எவ்வளவு பாடு என்று.

முதல் வருஷம் எனக்குக் கிடைத்தது ஆறாம் நம்பர். முன்னால் பேப்பரைத் திணித்து, ரெண்டு சாக்ஸ் போட்டு ஓட்டினேன். டிரில்லுக்கு எப்படியோ சமாளித்துவிடலாம், சாவ்தானில் (விறைப்பாக நிற்கும் நிலைக்கு வரும்போது) இடது காலை அடிக்கும்போது குதிகால் உள்ளே ஆடும், அவ்வளவுதான். டி.எஸ்.சி. டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஆப்ஸ்டகிள் (தடை தாண்டும்) பயிற்சிக்குப் போனபோதுதான் வினை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், டி.எஸ்.சி. என்பது டில்லியில் நடக்கும் தல் சைனிக் கேம்ப். துப்பாக்கி சுடுவது, மேப் ரீடிங், தூரம் கணிப்பது, ஆப்ஸ்டகிள் என்று போட்டிகள் இருக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் எல்லாம் சேர்ந்து நமக்கு ஒரே இயக்குநரகம் என்பதால் கல்லூரியிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் கேம்ப் மேல் கேம்ப் போட்டு வடிகட்டுவார்கள். ஜிக்ஜாக் பேலன்ஸில் நடக்கணும், ஆறடிச் சுவரைத் தாண்டணும், ராம்ப்பில் ஓடி ஏறி அந்தப் பக்கம் குதிக்கணும். பெரிய பூட்ஸோடு குதித்தால் கால் முன்னால் வழுக்கிப்போய் நகம் பூட்ஸ் தோலில் இடிக்கும். ஒரே வாரத்தில் ரெண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போய், அந்த வருஷ செலக்‌ஷன் எனக்குப் போச்சு. ஓட்டத்தில் பின்தங்கி வெளியே வந்திருந்தால் மனசு ஒத்துக்கொண்டிருக்கும். பூட்ஸால் போனது இன்னும் ஆறவில்லை.

ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் பெரியமேட்டுக்குப் போனேன். நேரு ஸ்டேடியம் பக்கம், சைடன்ஹாம்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்து, முதல் மாடி, போர்டுகூடக் கிடையாது. அதற்கு முன் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய பூட்ஸ் எல்லாம் தேடிப் பார்த்தாச்சு, ஏழுக்குக் கீழே ஒன்றும் அகப்படவில்லை.

கடைக்கார பாய் முதலில் நம்பரே கேட்கவில்லை. "எதுக்கும்மா, பரேடுக்கா, ஓடுறதுக்கா?" என்றார். ரெண்டுக்கும் என்றேன். அப்புறம் காகிதத்தில் ரெண்டு பாதத்தையும் தனித்தனியாக வரைந்து, குதிகால் அகலத்தையும் அளந்தார். பெண்களுக்குக் குதிகால் ஒடுங்கியிருக்கும், பையன்கள் பூட்ஸில் சின்ன நம்பரைத் தேடி வாங்கினாலும் பின்னால் தூக்கும் என்று அவர் சொன்னபோதுதான் ஒரு வருஷமாக எனக்கு என்ன நடந்தது என்றே புரிந்தது. பூட்ஸ் அடியில் இரும்பு லாடம் அடிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். பரேடில் சத்தம் நன்றாக வரும், ஆனால் அதோடு சுவர் ஏறினால் கால் வழுக்கும், வேண்டுமென்றால் டிரில்லுக்குத் தனி ஜோடி வைத்துக்கொள் என்றார். விற்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிற ஆள் இப்படிச் சொல்ல மாட்டார்.

விலை 1,850 ரூபாய். கல்லூரிப் பிள்ளைக்குப் பெரிய காசுதான், நான் ரெண்டு மாசம் சேர்த்து வைத்து வாங்கினேன். மூன்று மாசமாகப் போடுகிறேன், ஒரு கொப்புளம்கூட வரவில்லை, நகம் புதிதாக முளைத்துவிட்டது. ஆனால் முதல் நாளே போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், வீட்டில் ஒரு வாரம், தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடந்து தோலைப் பழக்குங்கள்.

குறையும் உண்டு. சனிக்கிழமை தருகிறேன் என்றவர் அடுத்த புதன்கிழமைதான் தந்தார், கேம்ப்புக்கு முந்தின வாரம் போனால் நம்பி இருக்க முடியாது. கூடவே கொடுத்த லேஸ் ஒரே மாசத்தில் அறுந்துவிட்டது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பெரே தொப்பி வாங்கவே வேண்டாம், முதல் மழையிலேயே சாயம் நெற்றியில் இறங்கிவிட்டது.

போகிறவர்கள் சாயங்காலமாகப் போங்கள், நாள் முழுக்க நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது எடுக்கிற அளவுதான் மைதானத்துக்குச் சரியாக இருக்கும். பரேடுக்குப் போடுகிற அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள்.