ஆறாயிரம் டாலர் வேட்டைத் துப்பாக்கி: ஒன்பது பருவங்களின் அனுபவம்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், போஸ்மன் நகருக்கு அருகில் குடியிருந்து ஆண்டுதோறும் எல்க் மானும் மியூல் மானும் வேட்டையாடும் நான், எனக்கென்றே அளவெடுத்துச் செய்யச் சொல்லி வாங்கிய ரைபிளை 2016 முதல் 2024 வரை ஒன்பது பருவங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். ஏறத்தாழ 1,100 தோட்டாக்கள் அதன் குழல் வழியே போயிருக்கின்றன. இவ்வளவு விலை கொடுப்பது தகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. கொடுத்த பணத்தில் ஒரு சிறு பகுதி முழுப் பலனைத் தந்தது, பெரும்பகுதி தரவில்லை. எது அந்தச் சிறு பகுதி என்பதைக் கண்டுகொள்ளவே எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு சட்டப்படியான வேட்டை படிப்படியாக இல்லாமல் போன தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்குள்ள என் நண்பர்களுக்குத் தாத்தாவின் துப்பாக்கியும் அதைப் பற்றிய அறிவும் சேர்ந்தே கைமாறி வந்திருந்தன; எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. 2010இல் அறுநூறு டாலருக்கு வாங்கிய, வால்நட் மரக்கட்டை போட்ட, .30-06 என்னும் தோட்டா வகையைச் சுடும் பழைய தொழிற்சாலைத் துப்பாக்கியில்தான் சுடக் கற்றேன். ஐந்து பருவங்களில் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினேன். அவற்றில் இரண்டு, தெளிவாகக் கிடைத்த வாய்ப்பைக் கோட்டைவிட்டவை. குறை துப்பாக்கியில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, 2015 பிப்ரவரியில் ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் முன்பணம் கொடுத்தேன்.

செலவுக் கணக்கை அப்படியே தருகிறேன். தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும் அதைத் தாங்கும் உடலும் சேர்ந்த ஆக்‌ஷன் 1,250 டாலர்; கார்பன் இழை சுற்றிய குழல் 850; நார்ப்பொருளால் ஆன ஸ்டாக், அதாவது தோளில் பதியும் கட்டை, 750; விசை 180; குழலைக் கடைந்து பொருத்தி, தோட்டா அறையை வெட்டி, கட்டைக்குள் எபாக்சி வார்த்து ஆக்‌ஷனை இருத்தும் வேலைக்கு 900; துருப்பிடிக்காத பூச்சுக்கு 300; குழல்முனையில் உதையைக் குறைக்கும் பிரேக்குக்கு 250; குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களுக்கு 170; ஸ்கோப் 1,400. மொத்தம் 6,050 டாலர். ஆறு மாதத்தில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலை பதினான்கு மாதம் ஆயிற்று. அதனால் 2015 பருவத்திலும் பழைய துப்பாக்கியையே தூக்கிக்கொண்டு போனேன். இந்தத் தொழிலில் தாமதம் வழக்கந்தான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் முன்பணம் வாங்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

துப்பாக்கியோடு ஒரு காகிதக் குறியும் வந்தது. நூறு கெஜத்தில் கம்மியர் சுட்ட மூன்று தோட்டாக்களின் துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன; நடுவிலிருந்து நடு வரை 0.4 அங்குலம். அந்தக் காகிதத்தைப் பல மாதங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு நானே பொறுமையாக உட்கார்ந்து, மணல்மூட்டை வைத்து, மும்மூன்று தோட்டாக்களாகப் பத்துத் தடவை சுட்டு அளந்தபோது சராசரி 0.6 அங்குலம் வந்தது. தொடர்ந்து பத்துத் தோட்டா சுட்டால் 0.95 அங்குலம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டாக்களின் எண்ணிக்கை கூடக் கூடச் சிதறல் விரியும். பத்துத் தோட்டாச் சிதறல் மூன்று தோட்டாச் சிதறலைப்போல் சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பது புள்ளியியல் தரும் கணக்கு. மூன்றே துளைகள் கொண்ட காகிதத்தைப் பார்த்து ஒரு துப்பாக்கியின் தரத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை இப்படித்தான் கற்றேன்.

பழைய .30-06இல் அதே பத்துத் தோட்டாச் சோதனை 1.7 அங்குலம் காட்டியது. மேசையில் பார்க்க இது பெரிய வேறுபாடு. மலைக்குக் கொண்டுபோனால் அதன் பொருள் மாறிவிடுகிறது. நான் சுடத் துணியும் அதிகபட்சத் தொலைவான முந்நூறு கெஜத்தில் புதியதன் சிதறல் மூன்று அங்குலத்துக்குள் இருக்கும். பழையது ஐந்து அங்குலம். எல்க்கின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியோ பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் வரை அகலம் உள்ளது. குறியின் நடுவிலிருந்து பார்த்தால் பழைய துப்பாக்கியின் விலகல் இரண்டரை அங்குலந்தான். அதே தொலைவில் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று தோட்டாவை ஏறத்தாழ ஆறு அங்குலம் தள்ளிவிடும். காற்றைச் சரியாக மதிப்பிடத் தெரியாதவனுக்கு 0.95 அங்குலக் குழல் எந்த உதவியும் செய்யாது. நான் தவறவிட்ட இரண்டு மான்களையும் அந்தப் பழைய குழல் தவறவிடவில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்ட அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் புதிய துப்பாக்கி வந்த முதல் பருவத்திலேயே நான் நன்றாகச் சுடத் தொடங்கினேன் என்பது உண்மை. 2016 முதல் 2018 வரை மூன்று பருவங்களில் நான்கு விலங்குகள், நான்கும் ஒரே தோட்டாவில் விழுந்தன. இந்த மாற்றத்துக்குக் குழலே காரணம் என்றுதான் அப்போது நம்பினேன். உண்மைக் காரணத்தை என் மகள் வழியாகத்தான் அறிய நேர்ந்தது.

2019 கோடையில் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டு வேட்டைக்குத் தயாரான அவளுக்குப் பழைய .30-06ஐக் கொடுத்தேன். அவள் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல பாதிதான் தெரியுது, சுத்தி ஒரே கறுப்பா இருக்கு" என்றாள். ஸ்கோப்பின் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே மூன்றரை அங்குல இடைவெளி இருந்தால்தான் முழுக் காட்சியும் தெரியும். கட்டை நீளமாக இருந்தால் கண் பின்தங்கி, கறுப்பு நிழல் வளையம்போல் காட்சியின் ஓரத்தைச் சுற்றிலும் மூடிவிடும். அவள் சொன்ன கறுப்பை நானும் ஐந்து ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கழுத்தை முன்னே நீட்டி அதைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஸ்கோப் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

விசையிலிருந்து கட்டையின் அடிப்பகுதி வரையுள்ள நீளம் பெரும்பாலான தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் பதின்மூன்றரை அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். நவம்பர் மாதக் குளிருக்கு உள்சட்டை, கம்பளி, மேலங்கி, அதற்கும் மேலே சட்டப்படி அணிய வேண்டிய ஆரஞ்சு நிற உடை என்று அடுக்கிக்கொண்டால், தோளுக்கு முன்னால் மேலும் ஒரு அங்குலம் கூடிவிடுகிறது. அவசரத்தில் துப்பாக்கியைத் தூக்கும்போது கட்டையின் ரப்பர் அடி அக்குளுக்கு அருகே துணியில் சிக்கிக்கொள்ளும். விடுவித்துத் தோளில் அமர்த்துவதற்குள் மான் இரண்டு எட்டு நகர்ந்திருக்கும். இரண்டு வாய்ப்புகளை நான் இழந்தது இந்த இரண்டு நொடிகளில்தான். கம்மியர் என்னைக் கனத்த மேலங்கியோடு வரச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை அளந்து, பன்னிரண்டரை அங்குலம் என்று குறித்துக்கொண்டதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழலைப் பற்றி மட்டுமே ஓயாமல் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகளுக்காகப் பழைய கட்டையை ஒரு அங்குலம் அறுத்து, மென்மையான ரப்பர் அடி பொருத்தினோம். கூலியோடு 130 டாலர். ஐந்து பவுண்டு இழுவை தேவைப்பட்ட கடினமான விசைக்குப் பதிலாக இரண்டரைப் பவுண்டில் விடுபடும் விசையை மாற்றினோம், 160 டாலர். இந்த வேலையைத் தொடங்கும் முன்பே நான் பழைய கட்டையோடு ஒரு சோதனை செய்து வைத்திருந்தேன்: மண்டியிட்டபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல், நூறு கெஜத்தில் பத்துத் தோட்டா. எட்டு அங்குலத்துக்குச் சிதறின. கட்டையும் விசையும் மாறிய பிறகு அதே குழல், அதே தோட்டா, அதே நான், ஐந்து அங்குலம். உடனே என் ஆறாயிரம் டாலர் துப்பாக்கியை எடுத்து அதே நிலையில் சுட்டேன். அதுவும் ஐந்து அங்குலம். மூன்று காகிதங்களையும் வண்டியின் முகப்பில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. என் சுடுதிறனை மாற்றியது 290 டாலர் மதிப்புள்ள வேலை.

இதனால் மற்ற பணம் எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஸ்கோப்போடு சேர்த்து எட்டு பவுண்டு நிற்கும் இத்துப்பாக்கி பழையதைவிட ஒன்றரைப் பவுண்டு குறைவு; ஒன்பதாயிரம் அடி உயரத்தில் பனியில் ஏறும்போது அந்த வேறுபாட்டைத் தோள் அறியும். மரக்கட்டை ஈரத்தில் உப்பி, குறியை இரண்டு அங்குலம் நகர்த்திவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. நார்க்கட்டையில் ஒன்பது ஆண்டுகளாகக் குறி நகரவே இல்லை. எனினும் எடை குறைந்த, நெகிழிக் கட்டை போட்ட நல்ல தொழிற்சாலைத் துப்பாக்கிகள் இன்று இதே நன்மைகளை ஆயிரம் டாலருக்குள் தருகின்றன. கணினிவழிக் கடைசலும், இரும்பைக் குளிர்நிலையில் சுத்தியலால் அடித்துக் குழலாக்கும் முறையும் பரவிய பிறகு மலிவான துப்பாக்கிகளின் தரம் பெரிதும் உயர்ந்துவிட்டது. 2012 வாக்கில் நானூற்றைம்பது டாலர் அளவில் சந்தைக்கு வந்த ரூகர் அமெரிக்கன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்யும் டிக்கா டி3எக்ஸ் மற்றொன்று. என் நண்பர்களின் கையிலுள்ள டிக்காக்களைச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். வேட்டைக்கு அதற்கு மேல் துல்லியம் யாருக்குத் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

விலை கூடியதாலேயே வந்த சங்கடங்களும் உண்டு. 2019 நவம்பரில், மாடிசன் மலைத்தொடரில், விடிந்து ஒரு மணி நேரத்தில் நூற்றெண்பது கெஜத்தில் ஆண் எல்க் ஒன்று மரங்களிலிருந்து வெளியே வந்து நின்றது. தோட்டாவை அறைக்குள் தள்ளப் போல்ட்டை நகர்த்தினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. அதிகாலையில் விழுந்த பொடிப்பனி என் உடற்சூட்டில் உருகி, போல்ட் ஓடும் தடத்தில் வழிந்து, மீண்டும் உறைந்திருந்தது. மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் கடைந்திருப்பதாக அந்த ஆக்‌ஷனைப் புகழ்ந்தார்கள். அந்த இறுக்கத்தில் ஒரு மெல்லிய பனித்தகடு போதுமானதாக இருந்தது. பல் இறுக்கிக்கொண்டு, ஓசை வராமல் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன். எல்க் தலையைத் திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டு லாட்ஜ்போல் பைன் மரங்களுக்குள் போய்விட்டது. சேற்றிலும் பனியிலும் போரிட வேண்டிய மௌசர் 98 போன்ற படைத்துப்பாக்கிகளில் போல்ட் சற்றுத் தளர்ந்து ஆடும்படி விட்டிருப்பதன் அருமை எனக்கு அன்று புரிந்தது. பிறகு தடத்தை மெருகேற்றி இடைவெளி கூட்டி வாங்கினேன். எண்ணெயை முற்றிலும் துடைத்துவிட்டு உலர்ந்த மசகு மட்டும் பூசுகிறேன். அதன்பின் அப்படி நேரவில்லை.

தோட்டா வகையைத் தேர்ந்தெடுத்ததும் அறியாமையால்தான். புதிய துப்பாக்கிக்கு நான் தேர்ந்தெடுத்த .280 ஆக்லி இம்ப்ரூவ்டு மிகச் சிறந்த தோட்டா. ஆனால் 2020, 2021 ஆண்டுகளில் நாடு முழுவதும் தோட்டாத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது சிற்றூர்க் கடைகளில் அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. .30-06 பெட்டிகள் அவ்வப்போதாவது வந்தன. கையிலிருந்த நாற்பது தோட்டாக்களை எண்ணி எண்ணிச் செலவழித்தேன், பயிற்சியை நிறுத்தினேன். பயிற்சி இல்லாமல் போனதன் இழப்பை எந்த விலையுயர்ந்த குழலாலும் ஈடுகட்ட முடியவில்லை. பிரேக்கைப் பற்றி ஒன்றே சொல்கிறேன்: உதையைப் பாதியாகக் குறைக்கிறது, ஆனால் வெடியோசையைப் பக்கவாட்டில் திருப்பி அடிக்கிறது. அருகில் நின்ற நண்பரின் காது இரண்டு நாள் இரைந்ததைப் பார்த்து அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அளவெடுத்துச் செய்த துப்பாக்கி யாருக்குத் தகும் என்றும் யோசித்திருக்கிறேன். தொழிற்சாலைகள் குறைவாகவே கவனிக்கும் இடக்கைப் பழக்கமுள்ளவர்கள், கையிலோ தோளிலோ ஊனமுள்ளவர்கள், ஆயிரம் கெஜத்துக்கு மேல் போட்டிக்குச் சுடுபவர்கள் ஆகியோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கைவேலையின் அழகுக்காக வாங்குபவரிடம் வாதாட எனக்கு எதுவும் இல்லை. அந்தப் போல்ட்டை இழுத்துத் தள்ளும்போது கைக்குக் கிடைக்கும் நிறைவை நானும் அறிவேன். இதை முதலீடாக எண்ணி மட்டும் யாரும் வாங்க வேண்டாம். சென்ற ஆண்டு விற்பனைக்கு விசாரித்தபோது, ஸ்கோப் நீங்கலாக 2,300 டாலர் தருவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டரை அங்குலக் கட்டையும் அரிதான தோட்டாவும் வாங்குவோரின் எண்ணிக்கையைச் சுருக்கிவிடுகின்றன. பிறர் உடலுக்குத் தைத்த சட்டையை யாரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை.

நான் அதை விற்கவில்லை. இந்த வகைத் தோட்டாவுக்குக் குழலின் ஆயுள் 1,500 முதல் 2,000 வேட்டுகள் என்பதால் இன்னும் சில ஆண்டுகளில் அதன் தொண்டை, அதாவது தோட்டா அறையை அடுத்த பகுதி, தேய்ந்துவிடும். அப்போது .30-06க்கே கடைந்த சாதாரண எஃகுக் குழலைப் பொருத்திக்கொள்வதாக இருக்கிறேன். கார்பன் இழை வேண்டாம், பிரேக் வேண்டாம். மகளின் அறுத்த கட்டைத் துப்பாக்கிக்கும் எனக்கும் ஒரே பெட்டித் தோட்டா ஆகும். கட்டையை மட்டும் மாற்ற மாட்டேன்.