அறுகம்பேயா, வெலிகமவா? அலையோரத்தில் இருவருக்கான ஒரு வாரம்

இலங்கையில் ஏதாவதொரு சர்ஃபிங் (அலைச்சறுக்கு) கிராமத்துக்குப் போய் ஒரு வாரம் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று கணவனும் மனைவியும் பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டு ஊர்களில் வந்து நிற்கும். கிழக்கே பொத்துவிலை ஒட்டிய அறுகம்பே, தெற்கே காலிக்கும் மாத்தறைக்கும் நடுவில் வெலிகம. இரண்டையும் ஒப்பிடுபவர்கள் முதலில் அலையின் உயரத்தைத்தான் பேசுவார்கள். ஓய்வுக்காகப் போகும் இருவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு நாளில் எவ்வளவு நேரம் சேர்ந்து இருக்க முடியும்?

ஆனால் அதற்கும் முன்னால் காலண்டரைப் பார்த்துவிட வேண்டும். அலைகள் தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து இரண்டு கரைக்கும் வருகின்றன. அவற்றைச் சீராக்குவதும் குலைப்பதும் காற்றுதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வெலிகம பக்கத்துக் கடலைக் கலக்கிவிடும். அதே காற்று நிலத்தைத் தாண்டி அறுகம்பேக்கு வரும்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அலை நிமிர்ந்து நின்று அழகாக உடையும். நவம்பருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் கொட்டும். தெற்கே வானம் தெளியும், கடலும் அடங்கும். ஆக, டிசம்பரில் லீவு கிடைத்தவர்களுக்கு விவாதமே இல்லை, வெலிகமதான். ஜூலையில் போகிறவர்களுக்கு அறுகம்பே.

மாதத்தை நாமே தேர்ந்தெடுக்க முடியும் என்றால்தான் மற்ற விஷயங்களைப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

வெலிகமவின் பெரிய பலம் அதன் மணல். அகலமான வளைகுடா, பெரும்பகுதியில் காலுக்குக் கீழே பாறை கிடையாது. அலை கரையின் பல இடங்களில் உடைவதால் ஒரே இடத்துக்குப் போட்டி போட வேண்டியதில்லை. முதல் பாடம் கரையிலேயே நடக்கும். மணலில் போர்டைப் போட்டுக் குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் கைகளை ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். முட்டி போட்டு எழுந்தால் திரும்பச் செய்யச் சொல்வார்கள், ஏனென்றால் தண்ணீரில் முட்டி போடும் அந்த ஒரு நொடிக்குள் அலை போய்விடும். அப்புறம் இடுப்பளவு தண்ணீர். எட்டு, ஒன்பது அடி நீளத்தில் மேல்பாகம் மெத்தென்று இருக்கும் போர்டு. உடைந்த அலையின் வெள்ளை நுரை நெருங்கும்போது பயிற்சியாளர் போர்டின் வாலைப் பிடித்துத் தள்ளிவிடுவார். விழுந்தாலும் மணல்தான். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கற்றுக்கொள்ளலாம், ஒருவர் எழுந்து நிற்பதை மற்றவர் தண்ணீருக்குள் இருந்தே பார்க்கலாம். எவ்வளவு பெரிய அலையாக இருந்தாலும் இந்தச் சந்தோஷத்துக்கு ஈடாகாது.

கூட்டம்தான் குறை. சீசனில் ஏகப்பட்ட பயிற்சிப் பள்ளிகள் அந்த ஒரே கரையில் நிற்கும். புதிதாகக் கற்பவர்களின் போர்டுகள் ஒன்றோடொன்று மோதாத காலை நேரம் வேண்டுமென்றால் விடியும்போதே இறங்கிவிடுங்கள்.

அறுகம்பேயில் சர்ஃப் செய்யும் முக்கிய இடமான மெயின் பாயின்ட் வேறு ரகம். குடாவின் தென்முனையில் அலை ஒரே இடத்தில் உடையத் தொடங்கி, கரையை ஒட்டியே வலப்பக்கமாகச் சுருண்டபடி வெகுதூரம் ஓடும். உலகம் முழுவதிலுமிருந்து சர்ஃபர்கள் இங்கே வருவது இந்த நீளமான ஓட்டத்துக்காகத்தான். அலையில் ஏறும் இடம் ஒன்றே என்பதால் வரிசை உண்டு. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம், குறுக்கே ஏறினால் கோபிப்பார்கள். கீழே பாறையும் இருப்பதால் புதியவர்கள் கால் வைக்கும் இடம் அல்ல. அவர்களுக்கு உள்பக்கம் பேபி பாயின்ட் இருக்கிறது. ஆட்டோவில் வடக்கே போனால் விஸ்கி பாயின்ட், தெற்கே பாணமை வழியில் பீநட் ஃபார்ம். எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வண்டி பிடிக்க வேண்டும்.

தம்பதியில் ஒருவர் நன்றாக சர்ஃப் செய்வார், மற்றவருக்கு ஆர்வமில்லை என்றால் கணக்கு மாறிவிடும். மெயின் பாயின்ட்டில் சர்ஃபர் ஓட்டம் முடிந்து இறங்கும் இடம் தொடக்கத்திலிருந்து நல்ல தூரம். பலர் போர்டில் படுத்துக் கைகளால் துழாவித் திரும்பாமல் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோடு நடந்தே முனைக்குப் போவார்கள். பாதி வழியில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு ஓட்டத்தையும் எதிரே நின்று பார்ப்பது போல் பார்க்கலாம், திரும்பி நடப்பவரோடு கொஞ்ச தூரம் கூடவும் போகலாம். கடற்கரையில் தனியாக விடப்பட்ட துணை என்கிற நிலைமை இங்கே அவ்வளவாக வராது.

போகும் வழியில் வெலிகம சுலபமாக ஜெயிக்கிறது. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் ஏறினால் கரையோர ரயிலே ஊருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும், பாதித் தூரம் ஜன்னலில் கடல். அறுகம்பேக்கு ரயில் இல்லை. கொழும்பிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். ஒரு பகல் முழுவதும் போய்விடும். வழியில் எல்ல என்ற மலையூரில் இரண்டு இரவு தங்கி, மொனராகலை வழியாக இறங்கினால் களைப்பு தெரியாது. லாகுகல காட்டுப் பகுதியில் சாலையோரம் யானை நிற்கவும் வாய்ப்புண்டு. கையில் நான்கே நாள் இருப்பவர்களுக்கு அறுகம்பேயை நான் சொல்லவே மாட்டேன்.

அலைக்கு வெளியே இருக்கும் நேரம்தான் எனக்கு முக்கியம். வெலிகமவைச் சுற்றிப் பார்க்க நிறைய உண்டு. காலிக் கோட்டை, மிரிஸ்ஸவில் சீசன் மாதங்களில் படகில் போய்த் திமிங்கிலம் பார்ப்பது, குடாவுக்குள்ளேயே 1920களில் ஒரு பிரெஞ்சுக்காரர் மாளிகை கட்டிய தப்ரபேன் தீவு. ஆனால் இத்தனை இருப்பதே ஓய்வுக்கு எதிரி. தினமும் எங்காவது கிளம்பத் தோன்றும். கரையை ஒட்டியே சாலையும் ஓடுவதால் பஸ் சத்தம் கூடவே வரும். அறை எடுக்கும்போது சாலையைத் தாண்டி உள்ளே தள்ளி எடுப்பது நல்லது.

அறுகம்பேயில் செய்வதற்குக் கொஞ்சம்தான். பொத்துவில் களப்பில் (கடலோர உப்பங்கழியில்) மீனவர்கள் ஓட்டும் படகில் சதுப்புநிலக் காட்டைச் சுற்றுவது, குமண சரணாலயத்தில் பறவைகள், மாலையில் எலிஃபண்ட் ராக் பாறை. தெற்கே உகந்தைமலை முருகன் கோயில், காடும் கடலும் சேரும் இடத்தில். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் காட்டுக்குள் நுழைவது இங்கிருந்துதான். திருவிழாக் காலத்தில் போனால் அந்த நடையையும் பார்க்கலாம். பொத்துவில் பக்கத்து மக்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள்; கடைக்காரரிடமும் படகுக்காரரிடமும் நம் மொழியிலேயே கதை பேச முடிவதால், வந்த மறுநாளே ஊர் பழகிவிடும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர் என்பதால் கடைத்தெருவுக்கு நீச்சலுடையில் போகாமல் மேலே ஏதாவது போட்டுக்கொள்வது மரியாதை.

சரி, என் முடிவு. இரண்டு பேருமே புதிது, நாள் குறைவு என்றால் வெலிகம. ஒருவருக்காவது சர்ஃபிங் தெரியும், முழுதாக ஒரு வாரம் கையில் இருக்கிறது என்றால் தயங்காமல் அறுகம்பே. ஜூலை, ஆகஸ்ட் நெரிசலைத் தவிர்த்து மே மாதத்திலோ செப்டம்பரிலோ போங்கள். வெலிகமவின் கூட்டம் பிடிக்காமல், ஆனால் தெற்கேதான் போக முடியும் என்பவர்கள் பக்கத்து மிதிகமவைப் பார்க்கலாம். அமைதியான ஊர், ஆனால் அங்கே அலை பாறைமேல் உடையும், ஓரளவு பழகியவர்களுக்கே சரிப்படும்.

ஏப்ரல் மட்டும் இரண்டுங்கெட்டான் மாதம். தெற்கே சீசன் முடியும் கட்டம், கிழக்கே அப்போதுதான் தொடங்கும். புதியவர்களுக்குப் போதுமான சின்ன அலை இரண்டு பக்கமும் கிடைக்கும். மாத நடுவில் வரும் புத்தாண்டு நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும், பஸ், ரயில் எல்லாம் நிரம்பி வழியும். ஆகவே ஊர்விட்டு ஊர் போகும் பயணத்தை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் தங்கியிருக்கும் ஊரைவிட்டு நகராமல் இருங்கள்.