சுங்கை சிப்புட் கடையில் விற்கும் முகில் அறைப் பெட்டி: வாங்கலாம், கையேட்டைத் திருத்திக்கொண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துப் புத்தகக் கடை ஒன்றில், தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றங்களுக்கென்று முகில் அறைப் பெட்டி 180 வெள்ளிக்குக் கிடைக்கிறது. 20 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் தொட்டி, கறுப்பு பூசிய அலுமினியத் தட்டு, ஃபெல்ட் துணிப் பட்டை, எல்இடி விளக்கு, ஒரு தமிழ்க் கையேடு. கண்ணுக்குத் தெரியாத கதிர்த்துகள் போன தடத்தைப் பிள்ளைகள் வெறுங்கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஃபெல்ட்டில் ஊறிய ஆல்கஹால் ஆவியாகி, குளிர்ந்த தட்டுக்கு மேலே துகள் போன வழியில் துளித்துளியாகத் திரள்வதே அந்தத் தடம். பெட்டி நல்ல பெட்டி. கையேடுதான் சில இடங்களில் காலை வாரிவிடுகிறது.

முதலில் ஆல்கஹால். "மருந்துக் கடை ஐசோபுரொபைல்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அங்கே எளிதில் கிடைப்பது 70 விழுக்காடு; அதிலுள்ள தண்ணீர் தட்டில் உறைபனியாகப் படிந்து தடங்களை மறைத்துவிடும். 99 விழுக்காடுதான் வேண்டும். ஃபெல்ட் நனைய வேண்டும், சொட்டக் கூடாது. தட்டைக் குளிர்விக்கும் உலர்பனியை (உறைந்த கார்பன் டைஆக்சைடு) கட்டியாக வைத்தால் தட்டு அங்கங்கே தொடாமல் நிற்கும். துணியில் சுற்றி நொறுக்கி, சமமாகப் பரப்பி, அதன்மேல் தட்டை அழுத்தி வையுங்கள். உலர்பனியின் வெப்பநிலை −78.5 பாகை செல்சியஸ், அதனால் தடித்த கையுறை கட்டாயம். சன்னல்கள் திறந்திருக்கட்டும்; பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தட்டுக்கு மேலே மெல்லிய தூறல் தெரியும். தடம் விழுவது அந்த அடுக்கில்தான்.

தூறல் வராவிட்டால் பெரும்பாலும் மூடி ஓரத்தில் காற்றுக் கசிகிறது என்று அர்த்தம். நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போனால் எல்லாம் பனிமூட்டம்தான். இந்தப் பெட்டியின் ரப்பர் வளையம் சற்று மெலிது. பிளாஸ்டிசின் களிமண்ணைச் சுற்றி அப்பினால் சரியாகிவிடும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜ் கேவென்டிஷ் ஆய்வுக்கூடத்தில் காக்ராஃப்டும் வால்டனும் 1932-இல் லித்தியம் அணுவைப் பிளந்தபோது, அவர்களுடைய வெற்றிடக் குழாயின் கசிவுகளை அடைத்ததும் பிளாஸ்டிசின்தான்.

அதே கூடத்தைச் சேர்ந்த சி. டி. ஆர். வில்சனின் கருவி இது என்று அட்டையில் அச்சிட்டிருப்பது தவறு. 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகங்களில் கண்ட ஒளிவளையங்களைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்கத்தான் வில்சன் தொடங்கினார். 1911-இல் துகள்தடத்தையே படமெடுத்தார். அவருடையது காற்றைத் திடீரென்று விரியவைக்கும் கருவி, கணநேரமே வேலை செய்யும். குளிர்தட்டு வைத்து இடைவிடாமல் தடம் காட்டும் இந்த வகை, 1930-களில் அமெரிக்கர் அலெக்சாண்டர் லாங்ஸ்டார்ஃப் உருவாக்கியது.

கதிர்மூலம் பெட்டியில் இல்லை. இல்லாமலும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தடம் போடும்: நீண்டு மெலிந்து நேராகப் போவது மியூவான் (எலக்ட்ரானைவிடக் கனமான துகள்), கோணல்மாணலாக அலைவது எலக்ட்ரான். குட்டையாய்த் தடித்த ஆல்ஃபா (ஹீலியம் அணுக்கரு) தடம் நிறைய வேண்டுமென்றால், வெல்டிங் சாமான் விற்கும் கடையில் சிவப்பு முனை கொண்ட டிக் வெல்டிங் கம்பி கேளுங்கள். அதில் 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு உண்டு. அப்படியே வையுங்கள், ஒருபோதும் தீட்டாதீர்கள். தூள் மூச்சில் போனால் ஆபத்து. தடம் மங்கினால், பிவிசி குழாயைத் துணியில் தேய்த்து மூடிக்கு மேலே காட்டுங்கள். பழைய தடங்களில் எஞ்சிய அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) விலகிவிடும்.

கையேட்டில் மனத்துக்கு வருத்தமான குறை ஒன்று. ஆங்கிலேய இயற்பியலாளர் பிளாக்கெட் முகில் அறையில் எடுத்து 1925-இல் வெளியிட்ட படங்களைச் சொல்கிறது, ஷிமிஸு தாக்கேயோவைச் சொல்லவில்லை. தானாகத் திரும்பத் திரும்ப இயங்கிப் படமெடுக்கும் முகில் அறையைக் கேவென்டிஷில் தொடங்கியவர் அந்த ஜப்பானியர்தான். அவர் ஊர் திரும்பிய பிறகே அது பிளாக்கெட் கைக்கு வந்தது. ஏறத்தாழ 23,000 படங்களில், நைட்ரஜன் அணு ஆல்ஃபாவை விழுங்கி ஆக்சிஜனாக மாறியதைக் காட்டும், இரண்டாகப் பிரியும் கவைத்தடம் கிடைத்தது எட்டே எட்டு. எனவே ஒரு பாட நேரத்தில் கவை தெரியவில்லை என்று பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.